நூற்று இருபத்தேழு வரை

1990 பிப்ரவரி 4, ஞாயிறு

கம்ப்யூட்டர் வந்துவிட்டது. வடபழனி, கோடம்பாக்கம், சாலிகிராமம் மூன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: நோட்ஸ் எழுதிப் பிழைக்கிறவர்களில் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் இன்றைய தேதிக்கு நான் ஒருவன்தான். இந்த டைரியைத் தொடங்கியதே இதை எழுதிவைக்கத்தான்.

பின்னால் யாராவது படித்தால் புரியவேண்டும். என் பெயர் வேதமுத்து, வயது ஐம்பத்துமூன்று. சினிமாப் பாட்டுகளுக்கு நோட்ஸ் எழுதுபவன். இசையமைப்பாளர் பென்சிலால் கிறுக்கித் தரும் ஒரு பெரிய தாளிலிருந்து வயலினுக்கு, வயோலாவுக்கு, செல்லோவுக்கு, புல்லாங்குழலுக்கு என்று பிரித்து ஆளுக்கொரு தாள் எழுதிக் கொடுக்கவேண்டும். ரெக்கார்டிங் ஒன்பது மணிக்கு என்றால் எட்டரைக்கு என் தாள்கள் ஸ்டாண்டில் இருக்கும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. மற்றவர்கள் வாசித்துப் பார்த்துத் தப்பு கண்டுபிடிப்பார்கள். எனக்குத் தாளைப் பார்த்தாலே போதும், எங்கே ஷார்ப் குறி விட்டுப்போயிருக்கிறது என்று கண் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டர் பெயர் அட்டாரி. என் மனைவி சுகிர்தத்தின் தம்பி சிங்கப்பூரிலிருந்து தெர்மோகோல் பொதிந்து கொண்டுவந்தான். கூடவே தட்டையாக ஒரு பெட்டி. அட்டாரியில் எழுதினால் அந்தப் பெட்டி வாசிக்கும். வயலின், பியானோ, பெல், என்ன வேண்டுமானாலும்.

சாப்பாட்டு மேஜையைக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டேன். இனி நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். உடம்புக்கு அதுதான் நல்லது.

பிப்ரவரி 6, செவ்வாய்

கம்ப்யூட்டரின் எலியைப் பிடிக்கப் பழகிவிட்டேன். இடது கையால்கூட வருகிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு

கோயிலுக்குப் போய்வந்ததும் உட்கார்ந்தவன் மூன்று மணி வரை எழவில்லை. ஐந்து கோடு திரையில் வருகிறது, அதில் புள்ளியை வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. தப்பாக வைத்தால் ரப்பர் தேடவேண்டாம், பிளேடால் சுரண்டவேண்டாம். ஒரு பொத்தானை அமுக்கினால் பிரின்டர் கரகரவென்று வயோலா தாளைத் தள்ளுகிறது. நான் ஒரு மணி நேரம் எழுதுவதை நாலு நிமிஷத்தில். இருந்தாலும் என் கையெழுத்தின் அழகு அதற்கு இல்லை, அதையும் சொல்லவேண்டும்.

பிற்பகல் மின்சாரம் போய்விட்டது. டிஸ்க்கில் ஏற்றிவைக்காததால் எழுதிய தொண்ணூறு பாரும் போனது. தாளத்தை எண்ணிப் பிரிக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் பார் என்று பெயர், ஒரு பாட்டுக்கு நூறு பார் வரும். சுகிர்தம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்: “பேப்பர்ல எழுதினது கரண்டு போனா போவுமா?”

குக்கரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது பருப்பு அடிப்பிடித்திருந்தது. குக்கர் விசிலே அடிக்கவில்லை, வெயிட் பழுது என்று சொன்னேன். வாசலிலேயே கேட்டது என்கிறாள். இன்னொரு வீட்டுக் குக்கராக இருக்கும்.

பிப்ரவரி 22, வியாழன்

இந்த நாளை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

இசையமைப்பாளர் கமலநாதன் சார் வீட்டுக்கே வந்தார். பதினாலு வருஷமாக அவர் பாட்டுகளுக்கு நான்தான் நோட்ஸ். இந்தப் படிகளை அவர் மிதித்தது இன்றுதான் முதல் தடவை. கம்ப்யூட்டரைப் பார்க்கத்தான் வந்தார் என்று நினைத்தேன். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், காபி குடித்தார், பிறகு விஷயத்துக்கு வந்தார். அவருக்கு அரேஞ்சராக இருந்தவர், அதாவது எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்ன வாசிக்கவேண்டும் என்று அமைத்துக் கொடுப்பவர், ஹைதராபாத் போய்விட்டாராம்.

“வேதம், இத்தனை வருஷமா என்னோட எழுத்த நீங்க பிரிச்சு எழுதுறீங்க. உங்க எழுத்து எப்படி இருக்கும்னு நான் பார்த்ததே இல்லையே” என்றார்.

பாட்டு ஒன்று. தாலாட்டு மாதிரி மெதுவான பாட்டு. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசை, அறுபத்தொன்றாம் பாரிலிருந்து எழுபத்தாறாம் பார் வரை, பதினாறு பார், முழுக்க முழுக்க என்னுடையது. கம்ப்யூட்டரிலேயே செய்து கொண்டுவரவேண்டும். வயலின்காரர்கள் மட்டும் அதன்மேல் நேரில் வாசிப்பார்கள். நன்றாக வந்தால் படத்தின் மற்ற ஐந்து பாட்டும் என் கையில். டைட்டிலில் பெயர்.

இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் இசையை எழுதிய கை இது. அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான்.

மார்ச் 3, சனி

பன்னிரண்டு பார் முடிந்தது. கீழே செல்லோ நடக்கிறது, நடுவே பியானோ. அதன்மேல் பெல். சின்னக் கம்பிகளைச் சுத்தியலால் தட்டும் வாத்தியம், குழந்தையின் தொட்டிலுக்கு மேல் தொங்கும் கிலுகிலுப்பையின் சாதி. எழுபதாம் பாரில் தொடங்கிப் படிப்படியாக மேலே ஏறி, எழுபத்தாறில் உச்சியில் போய் நிற்கவேண்டும். யோசனை முழுக்க என்னுடையது.

இந்தக் கம்ப்யூட்டரில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பக்கத்தில் ஒரு எண் இருக்கிறது. எவ்வளவு பலமாகத் தட்டவேண்டும் என்பதற்கு. ஒன்று என்றால் மூச்சுக்காற்று. நூற்று இருபத்தேழு என்றால் முழுப் பலம், அதற்குமேல் போகாது. தாளில் எழுதும்போது ‘மெதுவாக’ என்று ஒரு எழுத்துப் போட்டுவிட்டுப் போவோம், மிச்சத்தை வாசிப்பவன் பார்த்துக்கொள்வான். இங்கே வாசிப்பவனும் நானே. ஒவ்வொரு ஸ்வரத்தையும் கேட்டுக் கேட்டு எண் போடுகிறேன்.

அந்தத் தட்டைப் பெட்டியில் ஒரு குறை. செல்லோ, பியானோ எல்லாம் கணீரென்று இருக்கிறது. பெல் மட்டும் மேலே போகப் போக இளைக்கிறது. பரவாயில்லை, எண்ணை ஏற்றிச் சரிசெய்துவிட்டேன். வாத்தியத்தின் குறையை மறைத்து எழுதத் தெரிந்தவன்தான் அரேஞ்சர்.

மார்ச் 6, செவ்வாய்

சுகிர்தத்துக்கு ஜலதோஷம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் பரீட்சைத் தாள் திருத்துகிறாள். கொஞ்ச நாளாகப் பேச்சும் முணுமுணுப்பாகிவிட்டது. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லவைக்க வேண்டியிருக்கிறது.

ரேஷன் கடைக்குப் போய்வந்தேன். பாமாயில் இல்லை.

மார்ச் 9, வெள்ளி

முடித்துவிட்டேன்! பதினாறு பாரும். எழுபத்தைந்து, எழுபத்தாறு இரண்டிலும் பெல்லுக்கு முழுக்க நூற்று இருபத்தேழு போட்டும் ஒல்லியாகத்தான் இருக்கிறது. அதுவும் நல்லதுக்குத்தான். தூரத்திலிருந்து வருவதுபோல ஒரு அழகு.

மாடி வீட்டு அம்மாள் இறங்கிவந்து சுகிர்தத்திடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். “என்னவாம்?” என்று கேட்டேன்.

“பாட்டு நல்லாருக்காம்” என்றாள். பிறகு ஜன்னல்களைச் சாத்தினாள். இந்த மார்ச் வெயிலில்!

மார்ச் 12, திங்கள்

கமலநாதன் சாரின் ஸ்டூடியோவில் போட்டுக் காட்டினேன். அட்டாரியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். மவுன்ட் ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் நெஞ்சு அடைத்தது.

செல்லோ வந்ததும் சார் கண்ணை மூடிக்கொண்டார். பியானோ சேர்ந்ததும் தலையை ஆட்டினார். “அட, வேதம்!” என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக இன்னும் இருபத்தாறு வருஷம் உழைக்கலாம்.

எழுபதாம் பார் தாண்டியதும் முகம் மாறியது. எழுபத்து மூன்றில் ஒரு கையைக் காதில் வைத்தார். சவுண்ட் என்ஜினியர் ஷெரீப் பாய் பாய்ந்துபோய் ஒரு குமிழைத் திருகிக் குறைத்தார்.

“பெல்லு ரொம்பக் குத்துதுய்யா” என்றார் சார். “மெலடி பிரமாதம். ஆனா குழந்தை தூங்குற பாட்டு இது. இத கேட்டா தூங்குற குழந்தை எழுந்து ஓடும்.”

இருபத்தெட்டாம் தேதி ரெக்கார்டிங். அதற்குள் சரிசெய்யவேண்டுமாம். இல்லையென்றால் ஹைதராபாத்காரரையே ஒரு நாள் வரவழைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஷெரீப் பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூடியோ ஸ்பீக்கர்கள் சரியில்லை என்பது என் கட்சி. அல்லது என் வளர்ச்சி யாருக்கோ பிடிக்கவில்லை.

மார்ச் 13, செவ்வாய்

வீட்டில் போட்டுக் கேட்டேன். பத்துத் தடவை. எங்கேயும் குத்தவில்லை.

மார்ச் 15, வியாழன்

சுகிர்தம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், புடவைகூட மாற்றாமல் கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து நின்றாள். “அந்த நம்பரெல்லாம் ஒரு தாள்ல எடுத்துத் தாங்க” என்றாள். எதற்கு என்று கேட்டேன். “கணக்கு டீச்சர் கேக்கேன், தாங்களேன்.”

பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். ஸ்வரம் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம். அதை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். கையில் பிள்ளைகள் பரீட்சைக்கு எழுதும் கிராஃப் தாள்.

கீழே இடமிருந்து வலமாக ஸ்வரங்கள், தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை. பக்கவாட்டில் எண்கள். நான் போட்ட ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு புள்ளி. இடதுபக்கம் புள்ளிகள் எல்லாம் எழுபது, எழுபத்தைந்து என்று தரையோடு தரையாகப் போகின்றன. பாதித் தாளில் ஏற ஆரம்பிக்கின்றன. எண்பத்தைந்து, தொண்ணூற்றாறு, நூற்றெட்டு, நூற்றுப் பத்தொன்பது. கடைசியில் நூற்று இருபத்தேழில் முட்டிக்கொண்டு வரிசையாக நிற்கின்றன.

“என்ன இது?”

அவள் எனக்கு நேராக வந்து உட்கார்ந்தாள். மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னாள்.

“இது உங்க காதோட படம்.”

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மார்ச் 16, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 17, சனி

அவள் பள்ளிக்கூடம் போனபிறகு பெல்லுக்கு எல்லா எண்ணையும் எழுபத்தைந்து என்று மாற்றினேன். மற்ற வாத்தியங்களை நிறுத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு ஓடவிட்டேன்.

எழுபதாம் பாரில் நாலு ஸ்வரம் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. நின்றுவிட்டது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். திரையில் கோடு எழுபத்து நாலாம் பாரில் நகர்ந்துகொண்டிருந்தது. புள்ளிகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோயின. பெட்டியின் சிவப்பு விளக்கு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மினுக்கியது. அது வாசித்துக்கொண்டுதான் இருக்கிறது.

பயந்துவிட்டேன். இதை ஒளிக்க விரும்பவில்லை.

தாளில் வேலை செய்கிறவனுக்குக் காது போவது தெரியாது. நான் எந்த நாள் கேட்டு எழுதினேன்? பார்த்துத்தானே எழுதினேன். பார்த்து எழுதுவதில் எனக்கு இணை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

சாயங்காலம் கேட்டேன். “உனக்கு எப்ப தெரியும்?”

“ரெண்டு வருஷமா.”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னேன். மூணு தடவ. உங்க முதுகுக்குப் பின்னால நின்னு சொன்னேன். நீங்க திரும்பல. முன்னால வந்து சொல்லத் தைரியம் வரல” என்றாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை.

மார்ச் 18, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. சுகிர்தம் மட்டும் போய்வந்தாள். மீன் வாங்கிவந்தாள். குழம்பு வைத்துவிட்டு யோசனை ஒன்று சொன்னாள்.

“நான் பக்கத்துல உக்காந்து சொல்லுதேன். இது கூட, இது குறைவுன்னு. நீங்க நம்பர் போடுங்க. ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்.”

“வேண்டாம்.”

“ஏன்?”

“என் பாட்டுல இன்னொருத்தர் காது வேண்டாம். உன் காதா இருந்தாலும்.”

“மீன் குழம்புல மட்டும் இன்னொருத்தர் கை இருக்கலாமாக்கும்” என்றாள். கோபம் நியாயம்தான். ஆனாலும் முடியாது. இந்தப் பதினாறு பார் என்னுடையது. அதை அவள் கேட்டு அவள் முடிவு செய்தால் நான் மறுபடியும் நோட்ஸ் எழுதுபவன் ஆகிவிடுவேன்.

மார்ச் 20, செவ்வாய்

அந்தக் கிராஃப் தாளை எதிரே ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்ப்பதில் நான் கெட்டிக்காரன். இன்று கண் ஒன்றைக் கண்டுபிடித்தது.

புள்ளிகள் மேலே ஏறுகின்றன, சரி. ஆனால் ரூல்தடி வைத்துக் கோடு போட்டதுபோல் ஏறவில்லை. ஏறும் வழியிலேயே ஒன்று கொஞ்சம் தூக்கி இருக்கிறது, அடுத்தது கொஞ்சம் இறங்கி இருக்கிறது. மூன்று ஸ்வரத்துக்கு ஒரு தடவை ஒரு சின்ன அழுத்தம். அது காதின் கோளாறு இல்லை. அது என் ரசனை. தொட்டில் ஆடும்போது ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் விடுகிறார்களே, அந்த ஆட்டம். என் காது கெட்டதும் அதில் இருக்கிறது, நான் நினைத்த இசையும் அதில் இருக்கிறது, ஒன்றின்மேல் ஒன்று.

ஏற்றத்தைக் கழித்துவிட்டால் ஆட்டம் மிஞ்சும்!

சுகிர்தத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பென்சிலை எடுத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஏற்றத்தின் சராசரிக் கோட்டை அவளே போட்டுக் கொடுத்தாள். “இதுக்கு மட்டும் கணக்கு டீச்சர் கை இருக்கலாமா?” என்று கேட்டாள்.

கணக்குக்குக் காது தேவையில்லை, இருக்கலாம் என்றேன்.

மார்ச் 22, வியாழன்

எழுபதிலிருந்து எழுபத்து நாலு வரை கழித்து முடித்துவிட்டேன். எழுபத்தொன்று, அறுபத்தெட்டு, அறுபத்தாறு, எழுபத்து நாலு, அறுபத்தொன்பது. அங்கங்கே இப்படி மிஞ்சியது. எண்களைப் பார்த்தாலே தொட்டில் ஆடுகிறது. என்னைப்பற்றி நானே சொல்லக்கூடாது, இருந்தாலும் அருமையாக எழுதியிருக்கிறேன்.

எழுபத்தைந்தும் எழுபத்தாறும்தான் சிக்கல். அங்கே எல்லாம் நூற்று இருபத்தேழு. உச்சவரம்பில் முட்டிக்கொண்டதால் ஏற்ற இறக்கம் ஒன்றும் பதிவாகவில்லை. கழிக்க ஒன்றும் இல்லை. உண்மையில் அந்த இரண்டு பாரை நான் ஒருநாளும் கேட்டதே இல்லை.

மார்ச் 25, ஞாயிறு

இரண்டு நாள் அந்த இரண்டு பாருக்கு. பதினெட்டு ஸ்வரம்.

பெட்டியை அணைத்துவிட்டேன். திரையில் கோடுகளை மட்டும் பார்த்தேன். எந்தக் கம்பியை எவ்வளவு தட்டினால் எப்படிச் சிணுங்கும் என்று மனசுக்குள் தட்டிப் பார்த்தேன். மேலே போகப் போகக் குழந்தை தூங்கிவிட்டது. பிறகு பலமாகத் தட்ட என்ன இருக்கிறது? அறுபத்து நாலு, ஐம்பத்தெட்டு, அறுபது, ஐம்பத்தொன்று, இப்படியே இறக்கிக்கொண்டுபோய்க் கடைசி ஸ்வரத்துக்கு முப்பத்தாறு வைத்தேன். உயரத்தில் ஏற ஏறச் சத்தம் குறைகிறது. கேட்டு எழுதியிருந்தால் இது எனக்குத் தோன்றியிருக்காது.

சுகிர்தத்திடம் போட்டுக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. காது விஷயம் இந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஐந்து பாட்டும் போய்விடும், பழைய வேலையும் மிஞ்சாது.

மார்ச் 28, புதன்

வெயில் தணியும் நேரத்தில் வீடு திரும்பிவிட்டோம். உடனே எழுதிவிடுகிறேன்.

சுகிர்தம் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தாள். ஆட்டோவில் திரை அவள் மடியில், அட்டாரி என் மடியில். ஸ்டூடியோவில் இருபத்திரண்டு வயலின்காரர்கள். ஸ்டாண்டில் என் தாள்கள், எட்டரைக்கே. சுகிர்தம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஷெரீப் பாயின் அறையில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

முதலில் கம்ப்யூட்டரை மட்டும் ஓடவிட்டார்கள். செல்லோ, பியானோ. வயலின்காரர்கள் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கையில் தாளை வைத்துக்கொண்டு பார் எண்ணினேன். எழுபது, எழுபத்தொன்று. திரையில் பெல் புள்ளிகள் ஓடின. எழுபத்தாறு முடிந்ததும் ஷெரீப் பாய் திரும்பி, “வேதம் சார், பெல் லெவல் எப்படி வைக்கலாம்?” என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்காக வீட்டிலேயே பதில் தயாரித்து வைத்திருந்தேன். “அருமை பாய். இதே லெவல் இருக்கட்டும்” என்றேன். நன்றாகத் தலையையும் ஆட்டினேன்.

கமலநாதன் சார் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “வேதம், பெல் டிராக்க பாய் இன்னும் திறக்கவே இல்லையே. பெல் சத்தமே வரலையே.”

சுகிர்தத்தைப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றிருந்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. எனக்காக ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நின்றதற்கு இப்போது நன்றி சொல்கிறேன். அப்போது நெருப்பாக இருந்தது.

ஒரு நிமிஷம் ‘கவனிக்கவில்லை சார்’ என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அதைச் சொன்னால் என் வேலையை நானே கவனிக்காதவன் ஆகிவிடுவேன். செவிடன் என்பதாவது உண்மை. கவனிக்காதவன் என்பது பொய், அதுவும் என்னைப்பற்றி.

“எனக்கு மேல் ஸ்தாயி கேக்காது சார்” என்றேன். “பியானோவுல வலது ஓரத்துக்குப் போனா ஒண்ணுமே கேக்காது. ரெண்டு வருஷமா. எனக்கே பத்து நாள் முன்னாலதான் தெரியும். அன்னைக்கு உங்க காதுல குத்தினது அதனாலதான்.”

“அப்ப இந்தப் பெல்லு?” என்று கேட்டார் சார். “இத யார் கேட்டு எழுதினா?”

“யாரும் கேக்கல. நான்தான் எழுதினேன்.” தாளை அவர் கையில் கொடுத்தேன். “ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் என்ன பலம்னு பக்கத்துல இருக்கு. பாய டிராக்க திறக்கச் சொல்லுங்க. தாள்ல இருக்கறதுக்கும் கேக்கறதுக்கும் ஒரு எடத்துல வித்தியாசம் இருந்தாலும் நான் மிஷின எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிடுறேன்.”

குரல் கொஞ்சம் உயர்ந்துதான் விட்டது. ஷெரீப் பாய் திறந்தார். மறுபடி ஓடியது. நான் காது கொடுக்கவில்லை. சாரின் விரல் தாளில் ஸ்வரம் ஸ்வரமாக நகர்வதைப் பார்த்தேன். எழுபத்து நாலு வரை தாளில் இருந்த கண், எழுபத்தைந்தில் தாளை விட்டு எழுந்தது. எழுபத்தாறில் மூடிக்கொண்டது. முடிந்தபிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

“பாய், ஹாலுக்கு மைக் ஆன்ல இருக்கா?” என்று கேட்டார்.

இருந்தது. முதலிலிருந்தே இருந்திருக்கிறது. நான் சொன்னது எல்லாம் இருபத்திரண்டு பேர் ஹெட்ஃபோனிலும் விழுந்திருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். வயலின்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு வாசிப்பு பிடித்துப்போனால் கை தட்டமாட்டார்கள், கையில் வயலின் இருக்கிறதே. வில்லால் ஸ்டாண்டைத் தட்டுவார்கள். பாடகர்களுக்குத் தட்டிப் பார்த்திருக்கிறேன். நோட்ஸ் எழுதுபவனுக்குத் தட்டிப் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வில்லும் என் தாள்களின்மேல் ஏறி இறங்கின.

சார் என் தோளில் கை வைத்தார். என் முகத்துக்கு நேராக வந்து சொன்னார்.

“மத்த அஞ்சும் நீங்கதான் வேதம். ஒரே கண்டிஷன். லெவல் கேட்டா இனிமே தலைய ஆட்டக்கூடாது.”

ஏப்ரல் 3, செவ்வாய்

சுகிர்தம் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். சின்ன அறைக்குள் உட்காரவைத்து, கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார். பிறகு ஒரு கிராஃப் காட்டினார். சுகிர்தம் போட்டதேதான். டாக்டர் தலைகீழாக, கீழ்நோக்கிப் போட்டிருந்தார், அவ்வளவுதான். நாங்கள் இதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னேன். எப்படி என்றார். சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள்.

போன காது திரும்பாதாம். இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். காதில் மாட்டும் கருவி ஒன்று எழுதிக் கொடுத்தார். மேல் ஸ்தாயிக்கு அதுவும் பெரிதாக உதவாதாம்.

ஏப்ரல் 8, குருத்தோலை ஞாயிறு

சாப்பாடு முடிந்து, மத்தியானம். கமலநாதன் சார் பாட்டின் கேசட்டை அனுப்பியிருந்தார். இன்னும் படம் வரவில்லை, ஊரில் யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில்தான் முதலில்.

டேப்ரெக்கார்டரைத் தரையில் வைத்து இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தோம். பாடகியின் குரல் எனக்கு நன்றாகவே வந்தது. செல்லோ வந்தது, பியானோ வந்தது. வயலின்கள் சேர்ந்தபோது நெஞ்சு நிறைந்தது. எழுபதாம் பார் நெருங்கும்போது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

“எப்படி இருக்குன்னு சொல்லேன்.”

அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். ஒரு விரலால் உள்ளங்கையில் தட்ட ஆரம்பித்தாள். பெல் வர வர, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும். முதலில் கொஞ்சம் அழுத்தி, பிறகு இரண்டு லேசாக, மறுபடி அழுத்தி. தொட்டில் ஆடியது. எழுபத்தைந்துக்கு வந்தபோது விரல் படுவதே தெரியாத அளவுக்குக் குறைத்துவிட்டாள். கடைசி ஸ்வரத்துக்கு நகம் மட்டும் பட்டது. அது முப்பத்தாறேதான். நான் வைத்தது அப்படியே வந்திருக்கிறது.

என் இசையை நான் முதல் தடவையாக அறிந்துகொண்டது இன்று மத்தியானம்தான். சத்தமாக அழுதேன், மாடி வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னேன், எழுபத்து மூன்றாம் பாரில் அவள் தாளத்தில் அரை பீட் பிந்திவிட்டாள் என்று.

“இல்லவே இல்ல. உங்களுக்குத்தான் கேக்காதே, எப்படித் தெரியும்?”

“எழுதினவனுக்குத் தெரியும். திருப்பிப் போடு, காட்டுதேன்.”

கேசட்டைப் பின்னால் ஓட்டினாள். மறுபடி கையைப் பிடித்துக்கொண்டு தட்டினாள். எழுபத்து மூன்றில், அவள் விரல் விழுவதற்கு அரை பீட் முன்னால், நான் என் விரலை மடக்கிக் காட்டினேன். நிறுத்தினாள். இன்னொரு தடவை ஓட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“ஆமா” என்றாள். “நாந்தான் பிந்திட்டேன்.”